தாய்களைப் பிரித்துத் தாயன்பை அளந்தவர்: ஹாரி ஹார்லோவும் அவருடைய குரங்குகளும்

ஒரு கூண்டு. அதற்குள் பிறந்து சில வாரங்களே ஆன குரங்குக் குட்டி. அதோடு இரண்டு பொம்மைகள். ஒன்று வெறும் கம்பி வலையால் செய்தது. அதில் பால் புட்டி பொருத்தியிருக்கிறது. இன்னொன்றில் பால் இல்லை. ஆனால், மெத்தென்ற ரப்பர் வைத்து, மேலே டவல் துணி சுற்றியிருக்கிறது. பின்னால் இருக்கும் ஒரு பல்பு லேசாகச் சூடு தருகிறது.

இப்போது கூண்டின் கதவு திறக்கிறது. சாவி கொடுத்த கரடி பொம்மை ஒன்று மேளம் அடித்தபடி அசைகிறது. குட்டி அலறுகிறது. யாரிடம் ஓடும்?

பால் கொடுக்கும் கம்பி பொம்மையிடம்தான் என்று அன்றைய உளவியலாளர்கள் பலர் சொல்லியிருப்பார்கள். ஆனால், குட்டி ஓடியது துணி பொம்மையிடம். இறுக்கிக் கட்டிக்கொண்டு முகத்தைத் துணியில் தேய்த்தது. கொஞ்ச நேரத்தில் பயம் தெளிந்ததும், திரும்பி அந்தக் கரடியையே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தது.

1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நடந்த சோதனை இது. உளவியல் படித்தவர்கள் யாரும் இதைத் தாண்டி வந்திருக்க முடியாது. இதைச் செய்தவர் ஹாரி ஹார்லோ. குழந்தையைத் தொட்டு, தூக்கி, அணைத்து வளர்ப்பது ஏன் முக்கியம் என்பதற்கு ஆய்வுக்கூடத்திலிருந்து ஆதாரம் தந்தவர். அதே மனிதர்தான் நூற்றுக்கணக்கான குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்தவரும்கூட. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஹார்லோவின் கதை முழுமையாகப் புரியும்.

யார் இந்த ஹார்லோ?

1905 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஃபேர்ஃபீல்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். நான்கு ஆண் பிள்ளைகளில் மூன்றாவது. அண்ணன் ஒருவருக்கு முதுகெலும்பில் காசநோய் வந்ததால், அம்மாவின் கவனம் பெரும்பாலும் அந்தப் பிள்ளை மீதே போனது. அதனால்தான் இவர் பின்னாளில் தாயன்பை ஆராயப் போனார் என்று முடிச்சுப் போடுவது சுலபம். ஆனால், எந்த மனிதரின் வாழ்க்கையும் அவ்வளவு நேர்க்கோட்டில் போவதில்லை.

பிறந்தபோது அவர் பெயர் ஹாரி இஸ்ரேல். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1930-ல் முனைவர் பட்டம் வாங்கும் நேரத்தில் அந்தப் பெயரே சிக்கலானது. யூதர்களுக்குக் கல்லூரி வேலை கிடைப்பது கடினமாக இருந்த காலம் அது. இவருடைய குடும்பம் யூதக் குடும்பம் அல்ல. ஆனாலும் பெயரைப் பார்த்தே ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்தார் அவருடைய பேராசிரியர் லூயிஸ் டெர்மன். அவருடைய ஆலோசனைப்படி, அப்பாவின் நடுப்பெயரான ஹார்லோவைத் தன் கடைசிப் பெயராக்கிக்கொண்டார்.

குரங்குகள் பக்கம் எப்படி வந்தார்?

தற்செயலாகத்தான். 1930-ல் மேடிசன் நகரில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்யும் எண்ணத்தோடு போய்ச் சேர்ந்தவருக்கு அதிர்ச்சி. எலி ஆய்வுக்கூடத்தை ஏற்கெனவே இடித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ஊரிலிருந்த விலாஸ் பூங்கா விலங்குக் காட்சிசாலைக்குப் போய், அங்கிருந்த குரங்குகளைக் கவனிக்க ஆரம்பித்தார். எலியைவிடக் குரங்கு எவ்வளவு புத்திசாலி என்று புரிந்ததும் திரும்பிப் பார்க்கவே இல்லை. சும்மா கிடந்த ஒரு கட்டடத்தை மாணவர்களின் உதவியோடு ஆய்வுக்கூடமாக மாற்றினார். மனிதத் தேவைகளின் படிநிலைக் கோட்பாட்டால் பின்னாளில் புகழ்பெற்ற ஆபிரகாம் மாஸ்லோ, ஹார்லோவிடம் ஆய்வு செய்த முதல் தலைமுறை மாணவர்தான்.

ஆரம்பத்தில் ஹார்லோவுக்கு அன்பு, பாசம் பற்றியெல்லாம் ஆர்வமில்லை. குரங்குகள் எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்பதுதான் அவருடைய கேள்வி. புதிர்களைத் தொடர்ந்து கொடுத்தால், அவை விடைகளை மட்டும் மனப்பாடம் செய்வதில்லை, புதிரை அணுகும் முறையையே கற்றுக்கொள்கின்றன என்று 1949-ல் எழுதினார். அந்த ஒரு கட்டுரையே அவரைப் பெரிய ஆளாக்கப் போதுமானதாக இருந்தது.

துணியை விடாத குட்டிகள்

ஆராய்ச்சிக்கு நிறைய ரீசஸ் குரங்குகள் தேவைப்பட்டன. நம் ஊர்க் கோயில்களில் பார்க்கும் நாட்டுக் குரங்கு வேறு. ரீசஸ் வட இந்தியாவில் அதிகம் காணப்படும் இனம். அன்று அமெரிக்க ஆய்வுக்கூடங்களுக்கு அவை பெருமளவில் இந்தியாவிலிருந்துதான் போயின. நீண்ட பயணம், நெரிசல், நோய். ஒரு குரங்குக்குக் காசநோய் என்றால் மொத்தக் கூட்டத்துக்கும் பரவிவிடும்.

இதற்கு 1950-களின் நடுவில் ஹார்லோ ஒரு தீர்வு கண்டார். குரங்குகளைத் தன் கூடத்திலேயே இனப்பெருக்கம் செய்யவைத்து, பிறந்த சில மணி நேரத்திலேயே குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துத் தனித்தனிக் கூண்டுகளில் வளர்ப்பது. புட்டிப் பால், வைட்டமின், சுத்தம் எதற்கும் குறைவில்லை. உடம்பு நன்றாகத்தான் தேறியது.

ஆனால், ஏதோ சரியில்லை. குட்டிகள் எங்கோ வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. விரலைச் சப்பின. உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தன. இன்னொரு குரங்கைப் பார்த்தால் என்ன செய்வதென்றே தெரியவில்லை. இன்னொன்றும் கண்ணில் பட்டது. கூண்டின் தரையில் விரித்திருந்த துணியை அவை விடாமல் பற்றிக்கொண்டிருந்தன. சுத்தம் செய்வதற்காக அதை எடுத்தால் கத்தி ஊரைக் கூட்டின.

துணி பொம்மைச் சோதனைக்கான விதை விழுந்தது இங்கேதான்.

அதில் என்ன புதுசு?

குழந்தைக்கு அரவணைப்பு வேண்டும் என்று சொல்ல ஒரு விஞ்ஞானி தேவையா என்று இன்று நாம் கேட்கலாம். அன்று தேவைப்பட்டது. ஜான் வாட்சன் என்ற செல்வாக்குமிக்க உளவியலாளர், 1928-ல் எழுதிய குழந்தை வளர்ப்பு நூலில், பிள்ளைகளை அதிகம் கொஞ்சக் கூடாது, மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பெற்றோரை எச்சரித்திருந்தார். பால் தருவதால்தான் குழந்தை தாயை விரும்புகிறது, மற்றபடி பாசம் என்று தனியாக ஒன்றுமில்லை என்ற எண்ணம் உளவியல் துறையில் ஊறிப்போயிருந்தது. பல மருத்துவமனைகளில், சேர்க்கப்பட்ட குழந்தையைப் பெற்றோர் வந்து பார்க்கவே கடும் கட்டுப்பாடு இருந்தது.

இந்த எண்ணத்தைத்தான் ஹார்லோ சோதித்துப் பார்த்தார். முதல் சோதனையில் 8 குட்டிகள். எல்லாவற்றுக்கும் இரண்டு பொம்மைகளும் கிடைக்கும். ஆனால் 4 குட்டிகளுக்குப் பால் கம்பி பொம்மையில்; மற்ற 4 குட்டிகளுக்குத் துணி பொம்மையில். பால்தான் பாசத்துக்குக் காரணம் என்றால், முதல் நான்கும் கம்பி பொம்மையோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையா?

அப்படி நடக்கவில்லை. பசித்தால் கம்பி பொம்மையிடம் போய்க் குடித்துவிட்டு, உடனே துணி பொம்மையிடம் திரும்பின. பால் எங்கே கிடைத்தாலும், எல்லாக் குட்டிகளும் நாளின் பெரும்பகுதியைத் துணி பொம்மை மேலேயே கழித்தன. புதிய அறை ஒன்றில் விட்டபோதும் அப்படித்தான். துணி பொம்மை கூட இருந்தால் அதைத் தொட்டுத் தைரியம் பெற்றுக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தன. இல்லாவிட்டால் மூலையில் சுருண்டு கிடந்தன.

1958-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக ஹார்லோ ஆற்றிய உரையில் இந்த முடிவுகளைச் சொன்னார். அன்பு என்ற சொல்லையே உளவியல் தவிர்த்து வந்த காலத்தில், அதையே உரையின் தலைப்பில் வைத்திருந்தார். ஒரே நாளில் நாடறிந்த மனிதரானார்.

பொதுவாக இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். உண்மையில் அது தொடங்குவதே இதற்குப் பிறகுதான்.

துணி பொம்மை தோற்ற இடம்

துணி பொம்மையோடு வளர்ந்த குட்டிகள் பெரிதாயின. அப்போதுதான் ஹார்லோவுக்கு ஒரு விஷயம் உறைத்தது. தொடுதலுக்குத் துணி போதும், வாழ்வதற்குப் போதாது.

வளர்ந்த அந்தக் குரங்குகளுக்கு மற்ற குரங்குகளோடு பழகத் தெரியவில்லை. விளையாட அழைத்தால் புரியவில்லை. எப்போது பணிய வேண்டும், எப்போது எதிர்க்க வேண்டும் என்ற கணக்கே இல்லை. சில தங்கள் உடம்பையே கடித்துக்கொண்டன. வயது வந்தும் இணை சேரத் தெரியவில்லை. தாய்க்கும் சேய்க்கும் உள்ள பிணைப்பை ஆராய்ந்துவந்த பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் போல்பியோடு இந்தக் காலத்தில் ஹார்லோவுக்கு நெருங்கிய தொடர்பு ஏற்பட்டது. தாயைப் பிரிந்த மனிதக் குழந்தைகளைப் பற்றி போல்பி எழுதியதும், ஹார்லோவின் கூண்டுகளில் தெரிந்ததும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தின.

அடுத்த கேள்வி: தனிமை எவ்வளவு நாள் நீடித்தால் எவ்வளவு சேதம்? இதைக் கண்டறிய, பிறந்த குட்டிகளை வேறெந்தக் குரங்கையும் பார்க்க முடியாதபடி தனி அறைகளில் அடைத்தார். சிலவற்றை 3 மாதம், சிலவற்றை 6 மாதம், சிலவற்றை 12 மாதம்.

3 மாதம் அடைபட்டவை வெளியே வந்ததும் அதிர்ந்துபோயின. ஒன்று சாப்பிட மறுத்து இறந்தே போனது. பிழைத்தவை, சம வயதுக் குட்டிகளோடு பழகி மெல்ல மெல்லத் தேறின. 6 மாதம் அடைபட்டவற்றின் நிலை மோசம். ஒரு வருடம் அடைபட்டவை மற்ற குரங்குகளோடு விளையாடவே இல்லை. ஓரமாக ஒடுங்கிக் கிடந்தன. மற்றவை தாக்கினாலும் தற்காத்துக்கொள்ளத் தெரியவில்லை. இத்தனைக்கும் புதிர் போடும் திறனில் பெரிய குறைவு தெரியவில்லை. அறிவு தப்பித்தது, உறவாடும் திறன்தான் உடைந்தது.

அதற்கும் அடுத்த படி இன்னும் கொடுமையானது. தாயில்லாமல் வளர்ந்த பெண் குரங்கு தாயானால் எப்படி நடந்துகொள்ளும்? அவை தாமாக இணை சேராததால், ஒரு கருவியில் கட்டிவைத்துக் கருவுறச் செய்தார். அந்தக் கருவிக்கு ஹார்லோ வைத்த பெயரை இங்கே எழுத முடியாது, அவ்வளவு வக்கிரமானது. குட்டி பிறந்ததும் பல தாய்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சில அடித்தன, கடித்தன. சில கொன்றும்விட்டன.

இதிலும் இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, எவ்வளவு தள்ளிவிட்டாலும் குட்டிகள் அந்தத் தாயிடமே திரும்பத் திரும்பப் போய் ஒட்டிக்கொள்ள முயன்றன. இரண்டு, முதல் குட்டியைக் கொடுமைப்படுத்திய தாய்களில் சில, அடுத்த குட்டியை ஓரளவு நன்றாகவே வளர்த்தன. ஒட்டிக்கொண்டே இருந்த குட்டி, தாய்க்குத் தாய்மையைக் கற்றுக்கொடுத்தது போலத்தான் இது.

அம்மா மட்டும்தானா?

ஹார்லோவின் ஆராய்ச்சியிலிருந்து பலரும் எடுத்துக்கொண்ட பாடம், அம்மா பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதுதான். ஆனால், அவருடைய கூண்டுகள் சொன்னது அது மட்டுமில்லை.

துணி பொம்மையோடு வளர்ந்த சில குட்டிகளை, சம வயதுக் குட்டிகளோடு தினமும் 20 நிமிடம் விளையாட விட்டார்கள். அவ்வளவுதான். அவை பெரும்பாலும் இயல்பாகவே வளர்ந்தன. துரத்துவது, பிடிப்பது, உருள்வது, செல்லமாகக் கடிப்பது என்று அந்த விளையாட்டுக்குள்ளேயே எங்கே நிறுத்த வேண்டும், எப்படிச் சமாதானமாக வேண்டும் என்பதெல்லாம் கற்றுக்கொண்டன. தாயும் இல்லாமல், பொம்மையும் இல்லாமல், குட்டிகளை மட்டும் ஒன்றாக வளர்த்தபோது கதை வேறு. அவை ஒன்றையொன்று கட்டிப்பிடித்து ரயில் பெட்டிகள்போல வரிசையாகவே திரிந்தன. பயந்த சுபாவம் கொண்டவையாக இருந்தன. ஆக, ஒட்டிக்கொள்ள ஒரு மடியும் வேண்டும், மடியைவிட்டு இறங்கி விளையாட ஆளும் வேண்டும்.

பால் முக்கியமில்லை, அரவணைப்புதான் முக்கியம் என்றால் அதை அப்பாவும் கொடுக்கலாமே? 1958 உரையிலேயே இதை ஹார்லோ சொல்லிவிட்டார். பெண்கள் வேலைக்குப் போவது அதிகரித்துவரும் காலத்தில், குழந்தை வளர்ப்பில் ஆண்களும் பங்கேற்க முடியும் என்பதற்கு அவருக்குத் தன் சோதனையே ஆதாரமாகத் தெரிந்தது.

வீட்டில் எப்படி இருந்தார்?

சொன்னபடி அவர் வாழ்ந்தாரா? இல்லை. பகலும் இரவும் ஆய்வுக்கூடமே கதி. குடிப்பழக்கமும் இருந்தது. 1932-ல் திருமணம் செய்த கிளாரா மியர்ஸ், திருமணத்தோடு தன் முனைவர் பட்ட ஆய்வைக் கைவிட்டவர். இரண்டு மகன்கள் பிறந்த பிறகு, 1946-ல் அவர்கள் பிரிந்தார்கள். 1948-ல் உளவியலாளர் மார்கரெட் குன்னை மணந்தார். கணவனும் மனைவியும் ஒரே துறையில் வேலை பார்க்கக் கூடாது என்ற பல்கலைக்கழக விதியால், மார்கரெட்டின் வேலை பறிபோனது. ஹார்லோவின் ஆய்வுகளில் மார்கரெட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. முக்கியக் கட்டுரைகள் பலவற்றில் இருவர் பெயரும் இருக்கும்.

1967-ல் ஹார்லோவுக்கு அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் கிடைத்தது. அதே காலத்தில்தான் மார்கரெட்டுக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. 1971-ல் அவர் இறந்தார். கடும் மன அழுத்தத்தில் விழுந்த ஹார்லோவுக்கு மருத்துவமனையில் மின் அதிர்ச்சி சிகிச்சை தரப்பட்டது.

தானே அந்த இருட்டில் இருந்த காலத்தை ஒட்டி அவர் நடத்தியதுதான் மிகவும் கண்டிக்கப்பட்ட சோதனை. மன அழுத்தத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, அடி குறுகிய ஆழமான உலோகத் தொட்டிக்குள் இளம் குரங்குகளைத் தனியாக வாரக்கணக்கில் அடைத்தார். ஏறிவரப் பார்த்து, முடியாமல் வழுக்கி விழுந்து, சில நாட்களில் அவை அடியில் சுருண்டு உட்கார்ந்துவிட்டன. வெளியே எடுத்த பிறகும் மீளவில்லை. இதிலிருந்து மன அழுத்தம் பற்றிப் புதிதாக என்ன தெரிந்துகொண்டோம் என்று சக ஆய்வாளர்களே கேட்டார்கள்.

உடைந்ததை ஒட்டவைத்த குட்டிகள்

அவர் வாழ்க்கையின் கடைசி முக்கியக் கண்டுபிடிப்பும் அதே காலத்தில்தான் வந்தது. 6 மாதம் தனிமையில் அடைபட்ட குரங்குகள் இனித் தேறாது என்றே எல்லோரும் நினைத்தார்கள். சம வயதுக் குட்டிகளோடு விட்டால் அடிவாங்கி இன்னும் ஒடுங்கிப்போயின. ஹார்லோவும் அவருடைய மாணவர் ஸ்டீஃபன் சுவோமியும் வேறொரு வழியை யோசித்தார்கள். வயதில் சிறிய, வெறும் 3 மாதமே ஆன இயல்பான பெண் குட்டிகளை அவற்றோடு விட்டார்கள்.

3 மாதக் குட்டிக்குச் சண்டை போடத் தெரியாது. ஒட்டிக்கொள்ளத்தான் தெரியும். மூலையில் ஒடுங்கிக் கிடந்த குரங்கிடம் போய்க் கட்டிக்கொண்டது. அது ஆடுவதை நிறுத்தியது. சில வாரங்களில் திருப்பி அணைத்தது. பிறகு விளையாடியது. சுமார் ஆறு மாதத்தில் அவற்றுக்கும் இயல்பான குரங்குகளுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 1972-ல் இந்த முடிவு வெளியானது. இளம் வயதுக் காயம் ஆழமானதுதான். ஆனால், அது ஆயுள் தண்டனை அல்ல என்று காட்டிய முடிவு இது.

அதே 1972-ல் ஹார்லோ தன் முதல் மனைவி கிளாராவையே மறுபடியும் மணந்தார். 1974-ல் இருவரும் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். பார்க்கின்சன் நோயோடு சில ஆண்டுகள் வாழ்ந்த ஹார்லோ, 1981 டிசம்பர் 6 அன்று இறந்தார். அவருடைய கட்டுரைகளைத் தொகுத்து 1986-ல் நூலாக்கியவர் கிளாராதான்.

இன்று ஏன் பேச வேண்டும்?

ஹார்லோவின் சோதனைகளுக்கு அதே வடிவில் இன்று அனுமதி வாங்குவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். 1975-ல் வெளிவந்த பீட்டர் சிங்கரின் விலங்கு விடுதலை நூல் இந்த ஆய்வுகளைக் கடுமையாகச் சாடியது. இந்தியா 1978-ல் ரீசஸ் குரங்குகளின் ஏற்றுமதியை நிறுத்தியது. 1985-ல் அமெரிக்கா, ஆய்வுக்கூடக் குரங்குகளின் மனநலத்துக்கும் ஏற்ற சூழல் தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. இதில் ஒரு முரண் உண்டு. குரங்குக்கும் தனிமை வலிக்கும் என்று மறுக்க முடியாதபடி நிரூபித்தவரே ஹார்லோதான். அவருடைய சோதனைகளுக்கு எதிரான வலுவான சாட்சியும் அவருடைய முடிவுகள்தான்.

மனிதர்கள் விஷயத்திலும் இது ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. 1989-ல் ருமேனியாவில் சாசெஸ்கு ஆட்சி கவிழ்ந்தபோது, அரசு விடுதிகளில் தூக்கிக் கொஞ்ச ஆளில்லாமல் வளர்ந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளை உலகம் பார்த்தது. பலர் ஹார்லோவின் குட்டிகளைப் போலவே உடம்பை ஆட்டியபடி உட்கார்ந்திருந்தார்கள். 2000-ல் தலைநகர் புகாரெஸ்டில் 136 குழந்தைகளோடு ஓர் ஆய்வு தொடங்கியது. அதில் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன குழந்தைகள், விடுதியிலேயே இருந்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். அதிலும் பல விஷயங்களில், சுமார் இரண்டு வயதுக்குள் போனவர்களின் முன்னேற்றம் அதிகம்.

காலையில் பிள்ளையை கிரெச்சில் விட்டுவிட்டு, குற்ற உணர்ச்சியோடு அலுவலகம் போகிறவரா நீங்கள்? ஹார்லோவின் குரங்குகளை உங்களோடு ஒப்பிட வேண்டாம். அவர் பிரித்தது நாளுக்குச் சில மணி நேரம் அல்ல. மாதக்கணக்கில், ஒரு உயிர்கூட அருகில் இல்லாமல். தூக்க ஒரு ஆயாவும் விளையாட நாலு பிள்ளைகளும் இருக்கும் இடம் அந்தக் கூண்டு அல்ல. பாட்டி, தாத்தா, அப்பா, பக்கத்து வீட்டு அக்கா என்று அணைக்கும் கை யாருடையதாகவும் இருக்கலாம். கிரெச்சைத் தேர்வு செய்யும்போது ஏசி இருக்கிறதா, கேமரா இருக்கிறதா என்று பார்ப்பதோடு இன்னொன்றையும் பாருங்கள்: அங்கே அழுகிற குழந்தையை யாராவது தூக்குகிறார்களா?